‘பிரதர்’ என்றால் அவளும்தான்: ஆல்ஃபா ஃபை ஒமேகா, ஒரு நிகழ்வு ஆய்வு

ஆல்ஃபா ஃபை ஒமேகா என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் அமைப்பில் ஒரு பெண் சேர்ந்து, பயிற்சிக் காலம் முடித்து, உறுதிமொழி எடுத்துவிட்டு வெளியே வந்தால் அவளுக்கு மரபுப்படி கிடைக்கிற பெயர் ‘பிரதர்’. முதல் முறை கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெண்களை உள்ளே விட்டார்கள், பேரை மட்டும் ஆண் பேராகவே வைத்துக்கொண்டார்களே, இது என்ன நியாயம் என்று. அப்புறம் அந்த அமைப்பில் நடந்ததை வருட வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது என் கோபம் இடம் மாறிவிட்டது. கோபப்பட வேண்டிய சொல் ஒன்று அங்கே இருந்தது. ஆனால் அது ‘பிரதர்’ இல்லை.

எந்தச் சொல்லை விடலாம், எதை மாற்றியே தீர வேண்டும், அதை யார் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் இந்த ஒரே அமைப்பின் கதையில் தெளிவாகத் தெரிகின்றன. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

தொடக்கம்

1925 டிசம்பர் 16 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் ஈஸ்டன் நகரில் உள்ள லாஃபயெட் கல்லூரியில் ஃபிராங்க் ரீட் ஹார்ட்டன் என்ற மாணவர் இதைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர், சாரணர் இயக்கத்தில் ஊறியவர். சாரணராக இருந்த பையன்கள் கல்லூரிக்கு வந்ததும் அந்தப் பழக்கமெல்லாம் விட்டுப்போய்விடக் கூடாது, பிறருக்கு உதவுகிற வேலை தொடர வேண்டும் என்பதுதான் எண்ணம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வடிவம் அமெரிக்கக் கல்லூரிகளில் ஏற்கெனவே இருந்த ஃபிரட்டர்னிட்டி: கிரேக்க எழுத்துகளில் பெயர், ரகசியச் சடங்கு, கைகுலுக்கும் முறை, உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் ‘பிரதர்’ என்று அழைப்பது. மற்ற ஃபிரட்டர்னிட்டிகளைப் போல ஒரே வீட்டில் தங்கி விருந்து வைப்பது இங்கே மையம் இல்லை, சேவைதான் மையம். ஒவ்வொருவரும் பருவத்துக்கு இத்தனை மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்று கிளைகள் கணக்கு வைக்கும்.

ஹார்ட்டன் மனதில் இருந்தது ஆண்களுக்கான அமைப்பு என்பதில் சந்தேகமே இல்லை. காலத்தைத் தாங்கி நிற்கிற ஆண்மை என்ற பொருளில்தான் அவர் தன் நோக்கத்தை விளக்கியிருக்கிறார். சாரணர் பின்னணி வேண்டும் என்ற விதியே பெண்களை வாசலில் நிறுத்தப் போதுமானதாக இருந்தது. 1931 முதல் 1946 வரை தேசியத் தலைவராக இருந்து அமைப்பை நாடெங்கும் வளர்த்த எச். ரோ பார்ட்டலும் சாரணர் இயக்கத்து ஆள்தான். பின்னாளில் கான்சஸ் சிட்டியின் மேயரானார். ‘சீஃப்’ என்ற அவருடைய செல்லப் பெயரை வைத்துத்தான் அந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குச் ‘சீஃப்ஸ்’ என்று பேர் வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமைப்பின் மூன்று அடிப்படைகள் தலைமை, நட்பு, சேவை. இந்த மூன்று சொல்லிலும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆண்களுக்காக எழுதிய அமைப்பு, ஆனால் அதன் நடு எலும்பு பால் சாராதது. பிறகு நடந்ததெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது.

‘ஃபிரட்டர்னிட்டி’ யாருடைய சொல்

லத்தீனில் ‘ஃபிராட்டர்’ என்றால் சகோதரன். அதனால் ஃபிரட்டர்னிட்டி ஆண்களின் சொல், சொரோரிட்டி பெண்களின் சொல் என்று எல்லோரும் நினைக்கிறோம். வரலாறு அப்படி இல்லை.

1870 ஜனவரியில் இண்டியானா மாநிலத்தில், இப்போது டிபா பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் கல்லூரியில், பெட்டி லாக் என்ற மாணவியும் தோழிகளும் காப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார்கள். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பித்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. அதற்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் முக்கியமானது. ஆண்களின் ஃபிரட்டர்னிட்டி ஒன்று தங்கள் பேட்ஜை அணிந்துகொள்ளச் சொல்லி அவரைக் கேட்டது. உறுப்பினராக அல்ல, ராசிக்காரப் பெண்ணாக. முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டால் அணிகிறேன் என்று சொன்னார். அது முடியாது என்றுவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு வெள்ளி கேக் கூடையைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் தன் சொந்த அமைப்பைத் தொடங்கிவிட்டார். அதற்கு அவர் வைத்த பேர் ஃபிரட்டர்னிட்டிதான். ஏனென்றால் சொரோரிட்டி என்ற சொல் அப்போது வழக்கில் இல்லை. 1874-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் உருவான காமா ஃபை பீட்டா மாணவிகளுக்காக ஃபிராங்க் ஸ்மாலி என்ற லத்தீன் பேராசிரியர் ஆக்கிக் கொடுத்த சொல் அது. காப்பா ஆல்ஃபா தீட்டா, காப்பா காப்பா காமா, பை பீட்டா ஃபை ஆகியவை இன்றைக்கும் தங்கள் அதிகாரப்பூர்வப் பெயரில் ஃபிரட்டர்னிட்டி என்றே வைத்திருக்கின்றன.

கேக் கூடை விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. பேட்ஜ் தருகிறோம், வாக்கு தரமாட்டோம் என்ற அந்த ஏற்பாடு நூறு வருடம் கழித்தும் அப்படியே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1972 முதல் 1976 வரை

1972 ஜூன் 23 அன்று அமெரிக்காவில் டைட்டில் நைன் சட்டமானது. மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் பால் அடிப்படையில் யாரையும் விலக்கக் கூடாது என்பது அதன் சாரம். உடனே ஃபிரட்டர்னிட்டிகளும் சொரோரிட்டிகளும் பதறின. 1974 கடைசியில் அவற்றுக்கு ஒரு விலக்கு கிடைத்தது. வரி விலக்கு பெற்ற, முக்கியமாக மாணவர்களைக் கொண்ட சோஷியல், அதாவது நட்புக்கும் கேளிக்கைக்குமான, ஃபிரட்டர்னிட்டிகளும் சொரோரிட்டிகளும் ஒரே பாலாராக இருந்துகொள்ளலாம். அதே திருத்தத்தில் பாய் ஸ்கவுட், கேர்ள் ஸ்கவுட், ஒய்எம்சிஏ போன்றவற்றுக்கும், பெரும்பாலும் 19 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் கொண்ட தன்னார்வ இளைஞர் சேவை அமைப்புகளுக்கும் விலக்கு.

இப்போது ஆல்ஃபா ஃபை ஒமேகாவை இதில் எங்கே வைப்பது? சேவை அமைப்பு, அதனால் சோஷியல் இல்லை. உறுப்பினர்கள் கல்லூரி மாணவர்கள், அதனால் பெரும்பாலும் 19-க்குக் கீழ் என்றும் சொல்ல முடியாது. இரண்டு விலக்குக்கும் நடுவில் இருந்த சந்தில் அது விழுந்தது என்பது என் வாசிப்பு. இதே நிலைதான் தொழில்சார் ஃபிரட்டர்னிட்டிகளுக்கும். வணிகவியல் மாணவர்களின் டெல்டா சிக்மா பை 1975-இல் பெண்களைச் சேர்த்தது, ஆல்ஃபா காப்பா சை 1976-இல். கல்லூரி பேண்ட் வாத்தியக் குழுக்களின் காப்பா காப்பா சை 1977-இல் கதவைத் திறந்தது. இத்தனை பேருக்கும் ஒரே மூன்று வருடத்துக்குள் திடீரென்று ஞானம் வந்தது என்று நினைக்க முடியாது, சட்டம் பின்னால் நின்றது.

ஆனால் சட்டம் மட்டும் என்று சொன்னால் அதுவும் தப்பு. ரத்ததான முகாமிலும் ஊனமுற்ற குழந்தைகளுக்கான விளையாட்டு நாளிலும் வேலை செய்ய ஆள் வேண்டும், கூடப் படிக்கிற பெண்கள் வந்து நிற்கிறார்கள், அவர்களை எந்தக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவது? சில கிளைகளில் பெண்கள் முறையான உறுப்பினராகும் முன்பே வேலையில் கூட இருந்தார்கள்.

இந்த அமைப்பில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேசிய மாநாடு நடக்கும், கிளைகளின் மாணவப் பிரதிநிதிகள் வாக்களித்துத்தான் பெரிய முடிவுகள் எடுப்பார்கள். 1976-இல் அட்லாண்டாவில் கூடிய மாநாடு பெண்களைச் சேர்க்க முடிவெடுத்தது. பெண்கள் உள்ளே வரலாமா என்பதில் வாக்களித்தவர்கள் ஆண்கள். வேறு வழியும் இல்லை, உறுப்பினர்கள் அவர்கள்தானே. ஆனால் உள்ளே வந்தவர்களை எப்படி அழைப்பது என்ற கேள்வி வந்தபோது பெண்களும் அறையில் இருந்தார்கள். அதனால்தான் இந்த இரண்டு கேள்வியையும் நான் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

ஏன் ‘சிஸ்டர்’ வேண்டாம்

கேக் கூடைக்கு இப்போது வருவோம். 1960-களிலிருந்து 80-கள் வரை ஆண்களின் ஃபிரட்டர்னிட்டிகள் பலவற்றில் ‘லிட்டில் சிஸ்டர்’ என்ற ஏற்பாடு இருந்தது. அமைப்பின் சின்னம் போட்ட சட்டை கிடைக்கும். புதுப் பையன்களைச் சேர்க்கிற வாரத்தில் சிரித்து வரவேற்க வேண்டும், விருந்துக்கு உதவ வேண்டும், சமையலறைக்கும் அலங்காரத்துக்கும் கை கொடுக்க வேண்டும். கூட்டத்தில் இடம் கிடையாது, வாக்கு கிடையாது, சடங்கில் என்ன நடக்கிறது என்று தெரியாது. 1980-களின் இறுதியில் தேசிய அமைப்புகளே இதைக் கைவிடச் சொல்லின. பெண்களுக்கு இதில் நடந்த கொடுமைகளும் ஒரு காரணம், பெண்களைப் பாதி உறுப்பினராக வைத்துக்கொண்டால் ஒரே பாலார் அமைப்பு என்ற சட்ட விலக்கு ஆட்டம் காணும் என்ற பயமும் ஒரு காரணம்.

1976-இல் ஆல்ஃபா ஃபை ஒமேகாவில் நுழைந்த பெண்ணின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அதே வளாகத்தில், பக்கத்துத் தெருவில், ஃபிரட்டர்னிட்டியோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘சிஸ்டர்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் துணைக்கு நிற்கிறவள் என்பது. அவளை ‘சிஸ்டர்’ என்று அழைத்திருந்தால் மரியாதையாகத்தான் அழைத்திருப்பார்கள், ஆனால் கேட்பவர் காதில் விழுவது வேறு. ‘பிரதர்’ என்று அழைத்தால்? அந்தச் சொல்லுக்கு அங்கே ஒரே ஒரு அர்த்தம்: சடங்கு முடித்தவர், ரகசியம் தெரிந்தவர், வாக்குரிமை உள்ளவர், தலைவர் பதவிக்குப் போட்டியிடக் கூடியவர். அது உறவுமுறைச் சொல்லாக இருந்த காலம் போய், பதவிப் பெயராகியிருந்தது. அதைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். பெட்டி லாக் கேட்டதும் இதைத்தானே. பேட்ஜ் வேண்டுமா, உறுப்பினர் தகுதி வேண்டுமா?

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கம், அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் மற்ற இடங்களில் எல்லாம் ஆண்பால் சொற்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1974-இல் மெக்ரா-ஹில் பதிப்பகம் இரு பாலாரையும் சமமாக எழுதுவதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. சேர்மன் போய்ச் சேர்பெர்சன் வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்று அடிக்கும்போதே இங்கே பெண்கள் ‘பிரதர்’ ஆனார்கள். பழக்கதோஷத்தால் தங்கிப்போன சொல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

வாசலில் நிற்கிற சொல்

உள்ளே இருப்பவர்களுக்கு ‘பிரதர்’ பதவிப் பெயர். வெளியே நிற்கிறவளுக்கு? இங்கேதான் எனக்கு இந்த அமைப்பின் மரபுவாதிகளோடு சண்டை.

1973-இல் சாண்ட்ரா பெம், டேரல் பெம் என்ற உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தொலைபேசி நிறுவனத்தின் வேலை விளம்பரங்களை மூன்று விதமாக எழுதி, உயர்நிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவ மாணவிகளிடம் கொடுத்தார்கள். கம்பி வேலை செய்பவரை ‘லைன்மேன்’ என்று வழக்கமான ஆண் தொனியில் எழுதியதைப் படித்த பெண்களில் 5 சதவீதம் பேருக்கு மட்டுமே அந்த வேலையில் ஆர்வம் இருந்தது. பால் சாராமல் எழுதியபோது 25 சதவீதம். பெண்களை நேரே கூப்பிடுவதுபோல் எழுதியபோது 45 சதவீதம். வேலை அதே வேலை.

கல்லூரி முதல் வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கிளையின் பதாகையில் ‘ஃபிரட்டர்னிட்டி’ என்று மட்டும் இருந்தால், அதைத் தாண்டிப் போகிற பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தன் பேர் அதில் இருப்பது எப்படித் தெரியும்? தெரியாது. அதனால்தான் கிளைகள் துண்டுப் பிரசுரங்களில் ‘கோ-எட்’ (இரு பாலாருக்கும்) என்ற சொல்லை முன்னால் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டவேண்டியிருக்கிறது என்பதே அந்தச் சொல் தனியாக நின்றால் எல்லோரையும் கூப்பிடவில்லை என்பதற்குச் சான்று. உள்ளே போனபின் அர்த்தம் மாறுகிற சொல்லை வாசலில் மாட்டும்போது, பக்கத்தில் ஒரு விளக்கமும் மாட்டத்தான் வேண்டும். இதை அவமானமாக நினைக்கிற பழைய உறுப்பினர்கள் உண்டு. அவர்களுக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது, ஆனாலும் அவர்கள் சொல்வது சரியில்லை.

முப்பத்திரண்டு வருடம்

1976 முடிவில் ஒரு ஓட்டை இருந்தது. பெண்களைச் சேர்க்க விரும்பாத பழைய கிளைகள் அப்படியே ஆண்கள் மட்டும் என்று தொடரலாம் என்று விட்டுவைத்தார்கள். ‘ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்’, அதாவது கனவான்களின் உடன்பாடு, என்றே இதைப் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் யாருக்கும் இடையே நடந்த உடன்பாடு என்பது பேரிலேயே இருக்கிறது.

அதன் விளைவை ஒரு பெண் உறுப்பினரின் கண்ணால் பாருங்கள். அவள் ஒரு ஊரில் முழு உறுப்பினர், கிளைத் தலைவராகக்கூட இருக்கலாம். வேறு கல்லூரிக்கு மேற்படிப்புக்குப் போகிறாள், அங்கேயும் அதே கிரேக்க எழுத்து, அதே சடங்கு, அதே கைகுலுக்கல், ஆனால் அந்தக் கிளை பெண்களைச் சேர்ப்பதில்லை. ‘பிரதர்’ என்ற பதவி மாநில எல்லை தாண்டினால் செல்லாது என்பதுபோல. சொல் சமம், உரிமை சமம் இல்லை. இந்த வருடங்களில் யாராவது ‘பிரதர் என்பது எல்லோருக்கும் பொது’ என்று வாதாடியிருந்தால் அது முழு உண்மை இல்லை, அது பொதுவாக இல்லாத கிளைகள் நாட்டில் இருந்தன.

2006-இல் கென்டக்கியின் லூயிவில் நகரில் கூடிய மாநாடு இதை முடித்துவைத்தது. 2008-இல் பாஸ்டனில் நடக்கவிருந்த அடுத்த மாநாட்டுக்குள் எல்லாக் கிளைகளும் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம். அதே 2006-இல்தான் மேகி காட்ஸ் தேசியத் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். பெண்கள் நுழைந்து முப்பது வருடம் கழித்து. ஒரு அமைப்பின் கடைசிக் கதவு திறப்பதும் அதன் முதல் நாற்காலியில் ஒரு பெண் உட்காருவதும் ஒரே சமயத்தில் நடந்ததைத் தற்செயல் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பாட்டில் இருக்கிற ‘மென்’

கோபம் இடம் மாறியது என்றேனே, அது இங்கே வந்து நின்றது. அமைப்பின் பழைய பாட்டில், எல்லோரும் வட்டமாகக் கைகோத்து நின்று பாடுவதில், தாங்கள் யார் என்று சொல்லும் இடத்தில் ‘மென்’ என்று வரும். ‘பிரதர்’ மாதிரி இதற்கு நீட்டிப்பு கொடுக்க முடியாது. ‘பிரதர்’ பதவியாக மாறியது, ஏனென்றால் அதை ஒரு சடங்கு மூலம் அடைய முடியும். ‘மென்’ அடைகிற விஷயம் இல்லை. ஒரு பெண் எத்தனை நூறு மணி நேரம் சேவை செய்தாலும் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டாள். அந்த இடம் வரும்போது அவள் வாயை மூடிக்கொள்ளலாம், வேறு சொல்லை மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம், அல்லது தன்னைப் பற்றி இல்லாததைப் பாடலாம். கைகோத்து நிற்கிற வட்டத்தில் ஒருத்தியை இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, ஒருபோதும் அந்தத் தேர்வு செய்யவேண்டியிராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

மரபை மாற்றினால் மரபு செத்துவிடும் என்பது வழக்கமான பதில். கனடாவின் தேசிய கீதத்தைப் பாருங்கள். 2018-இல் அதில் ‘மகன்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நாம்’ என்று பொருள்படும் சொல்லைப் போட்டபோது பலர் மரபு போச்சு என்றார்கள். ஆனால் 1908-இல் அந்த ஆங்கில வரிகளை முதலில் எழுதியபோது இருந்தது ‘நாம்’தான். முதல் உலகப் போரை ஒட்டித்தான் ‘மகன்கள்’ நுழைந்தார்கள். எது பழையது என்று சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் இளமைக் காலத்தைத்தான் பழையது என்கிறார்கள்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

காப்பா காப்பா சைக்கு டாவ் பீட்டா சிக்மா என்று ஒரு இணை அமைப்பு உண்டு. டெக்சஸ் டெக்கில் முளைத்து 1946-இல் தேசிய அமைப்பான, பேண்ட் வாசிக்கும் பெண்களின் சொரோரிட்டி. 1977-க்குப் பிறகு அதிலும் ஆண்கள் சேரலாம். அங்கே சேர்ந்த ஆண்களையும் ‘சிஸ்டர்’ என்றே அழைக்கும் வழக்கம் உண்டு. ‘பிரதர் எல்லோருக்கும் பொது’ என்று யாராவது சொன்னால் நான் கேட்க விரும்புகிற கேள்வி இதுதான்: உங்களை ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டால் திரும்புவீர்களா? ட்ரம்ப்பெட் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு பையன் அதற்கு இயல்பாகத் திரும்புகிறான் என்றால், ஒரு பாலின் சொல் எல்லோருக்கும் பதவியாக முடியும் என்பது நிஜம், வெறும் சாக்கு இல்லை. ஆனால் ஒன்று, ஆண் சொல் பொதுச்சொல்லான அமைப்புகள் கொத்துக்கொத்தாக இருக்கின்றன, பெண் சொல் பொதுச்சொல்லான இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சமனின்மையை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

பிலிப்பைன்ஸில் வேறு வழி. 1950-இல் மணிலாவின் ஃபார் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஒமேகா தொடங்கியது. அங்கே ஒரே எழுத்துகளின் கீழ் ஆண்களுக்கு ஃபிரட்டர்னிட்டி, பெண்களுக்குச் சொரோரிட்டி என்று இரண்டு கிளைகளாக இருக்கிறார்கள். ஆணை ‘பிராட்’ என்றும் பெண்ணை ‘சிஸ்’ என்றும் அழைக்கிறார்கள். பெண்களுக்கு என்று தனித் தலைமை இருப்பதால் அங்கே ‘சிஸ்’ துணைக்கு நிற்பவள் இல்லை. சொல் அதேதான், பக்கத்தில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதை வைத்து அர்த்தம் மாறிவிடுகிறது.

தமிழில் இதை எழுத உட்கார்ந்தபோது இன்னொன்று புரிந்தது. ‘பிரதர்’ என்பதற்கு நம்மிடம் நேர்ச்சொல் இல்லை. அண்ணனா தம்பியா என்று வயதைக் கேட்கும் மொழி இது. ‘சகோதரர்’ என்று போட்டால் ‘தலைவர்’, ‘அமைச்சர்’ போல ‘அர்’ விகுதி, இலக்கணப்படி பெண்ணுக்கும் பொருந்த வேண்டும், ஆனால் காதில் ஆணாகத்தான் விழுகிறது. அதே விகுதிதான் ‘தோழர்’ என்பதிலும் இருக்கிறது, அதைப் பெண்ணைப் பார்த்துச் சொன்னால் யாருக்கும் உறுத்துவதில்லை, ஏனென்றால் இயக்கப் பெண்கள் அந்தச் சொல்லைப் பல பத்தாண்டுகளாகத் தங்கள் பேருக்கு முன்னால் போட்டு உழைத்துச் சொந்தமாக்கியிருக்கிறார்கள். கருணாநிதியின் கடிதங்களில் வரும் ‘உடன்பிறப்பே’ என்ற விளியில் ஆணும் பெண்ணும் அடக்கம். இவ்வளவு வசதியான சொல் ஆங்கிலத்தில் பேச்சு வழக்கில் இல்லை, ‘சிப்ளிங்’ என்பது அவர்களுக்கு விண்ணப்பப் படிவத்துச் சொல் மாதிரி ஒலிக்கிறது.

யாரும் தீர்மானம் போடாமலே மாறிய ஒன்றும் உண்டு. புதிதாகச் சேர்பவருக்கு வழிகாட்டியாக ஒரு மூத்த உறுப்பினரைக் கொடுப்பார்கள், முன்பு ‘பிக் பிரதர்’, ‘லிட்டில் பிரதர்’. இப்போது வளாகத்தில் கேட்டால் ‘என் பிக்’, ‘என் லிட்டில்’ என்றுதான் சொல்வார்கள், பிக்கின் பிக் ‘கிராண்ட்பிக்’. பின்பாதி தானாக உதிர்ந்துவிட்டது. எந்த மாநாடும் கூடவில்லை, யாரும் மனம் நோகவில்லை.

இன்றைய நிலை பற்றி என் கருத்து

1976-இல் ‘பிரதர்’ ஆன பெண்களுக்கு அந்தச் சொல் வென்றெடுத்த சொல். அதை அவர்களிடமிருந்து பறித்து, உங்கள் நன்மைக்காகத்தான் மாற்றுகிறோம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இன்றைக்குச் சேர்கிற பெண் ‘லிட்டில் சிஸ்டர்’ என்ற ஏற்பாட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவளுக்கு ‘பிரதர்’ என்பது எதையும் வென்ற சொல்லாக ஒலிக்காமல், வெறும் ஆண்பால் சொல்லாகவே ஒலிக்கலாம். ஆணாகவும் பெண்ணாகவும் தன்னை உணராத ஒருவருக்கு அது இன்னும் வேறு மாதிரி ஒலிக்கும். சிலருக்கு அது வலிக்கும், சிலருக்கு ‘பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ என்று இரண்டாகப் பிரிப்பதைவிட எல்லோருக்கும் ஒரே பதவிப் பெயர் என்பதே நிம்மதியாக இருக்கும். ஆகவே அம்மாவின் தலைமுறை சம்மதித்தது மகளுக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்பவர்களிடம், சடங்குக்கு முன்பே, உன்னை எப்படி அழைக்கட்டும் என்று ஒரு கிளை கேட்டால் அதற்கு எந்தத் தேசியத் தீர்மானமும் தேவையில்லை. ‘மென்’ விஷயத்தில் மட்டும் கேட்கவே வேண்டாம், மாற்றிவிட வேண்டும்.

ஹார்ட்டன் புறப்பட்டு வந்த இடமே மாறிவிட்டது. 1910-இல் தொடங்கிய பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா 2019-இல் மூத்த பிரிவிலும் சிறுமிகளைச் சேர்த்தது, 2021-இல் சாரணரின் உச்சப் பட்டமான ஈகிள் ஸ்கவுட் பெற்ற முதல் பெண்கள் வந்தார்கள், 2025 பிப்ரவரியில் பெயரிலிருந்தே ‘பாய்’ போய் ஸ்கவுட்டிங் அமெரிக்கா ஆகிவிட்டது. ‘ஈகிள் ஸ்கவுட்’ என்ற பட்டத்தை யாரும் தொடவில்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை. பால் குறித்த சொல் போனது, உழைத்துப் பெறுகிற பட்டம் நின்றது.

டார்ட்மத் கல்லூரி 1972-இல் பெண்களைச் சேர்த்தது. அதன் கல்லூரிப் பாட்டு ‘மென்’ என்ற சொல்லோடுதான் தொடங்கிக்கொண்டிருந்தது, அதை மாற்ற 1988 வரை பதினாறு வருடம் ஆனது. பழைய மரபுகள் தவறிவிடாமல் காவல் நில்லுங்கள் என்று ஒரு வரி அதில் உண்டு, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்கு அடுத்த வரி, சகோதரனுக்குச் சகோதரன் நிற்பதுபோல் நில்லுங்கள் என்று இருந்தது, இப்போது சகோதரனுக்குச் சகோதரி நிற்பதுபோல் என்று பாடுகிறார்கள். இரண்டில் எதுவும் இல்லாத மாணவர்களும் அதே புல்வெளியில் நின்று அதே வரியைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.